நுண்ணுயிர்க்கொல்லி மருந்து: பாதியில் நிறுத்தாதீர்கள்

2009இல் வன்னியில் என் காலில் பாய்ந்த செல் துண்டு ஒன்று இன்னமும் உள்ளேதான் இருக்கிறது. இப்போது நான் வசிப்பது கண்டிக்கு அருகே கட்டுகஸ்தோட்டையில். சென்ற மழைக்காலத்தில் அந்தப் பழைய காயம் வீங்கிச் சீழ் வைத்தது. வைத்தியர் கோ-அமொக்சிகிளாவ் 625 மில்லிகிராம் குளிசையை ஏழு நாட்களுக்கு எழுதித் தந்தார். மூன்றாம் நாளே வலி குறைந்தது. மிச்சத்தைப் பிறகு உதவும் என்று அலுமாரியில் வைத்துவிட்டேன். பதுங்குகுழிக் காலத்தில் மருந்தைச் சேமித்துப் பழகிய கை இது. இரண்டு கிழமையில் காயம் மீண்டும் சீழ் வைத்தது. இம்முறை வாட்டில் தங்கி ஊசி ஏற்ற வேண்டியதாயிற்று. அதன்பின் வைத்தியரிடமும் மருந்தாளரிடமும் கேட்டு அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

எந்த நோய்க்கு?

நுண்ணுயிர்க்கொல்லி பக்ரீறியாவை அழிக்கும், வைரஸை அழிக்காது. சாதாரண தடிமன், வைரஸ் காய்ச்சல், டெங்கு ஆகியவற்றை இது குணப்படுத்தாது. காயத்தில் சீழ், சிறுநீர்த் தொற்று, பக்ரீறியாவால் வரும் நிமோனியா, எலிக்காய்ச்சல் போன்றவற்றுக்கே தேவைப்படும். எதற்கு எது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

உறையில் உள்ளதை வாசிப்பது

மருந்தின் பொதுப்பெயர், மில்லிகிராம் அளவு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை நாள் ஆகிய நான்கையும் பாருங்கள். பி.டி. என்றால் இரண்டு வேளை, ரி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. மூன்று வேளை என்பது ஏறக்குறைய எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை: காலை 6, பிற்பகல் 2, இரவு 10. உறையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் விற்கப்படுவதால் பொதுப்பெயரை அறிந்திருப்பது நல்லது. பொதுப்பெயரில் மருந்து எழுத வேண்டும் என்று வலியுறுத்திய பேராசிரியர் சேனக பிபிலே பேராதனை மருத்துவ பீடத்தில் பணியாற்றியவர். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமானவரும் அவரே.

உணவோடா, வெறும் வயிற்றிலா?

கோ-அமொக்சிகிளாவைச் சாப்பிடத் தொடங்கும்போது எடுத்தால் வயிற்றுக்கு நல்லது. குளொக்சசிலினை வெறும் வயிற்றில், சாப்பிடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு எடுக்க வேண்டும். சிப்ரோபுளொக்சசினைப் பாலுடனோ, இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுடனோ, அமில நீக்கிகளுடனோ சேர்த்து எடுக்கக்கூடாது. மருந்து உடலில் சேர்வது குறையும். டொக்சிசைக்கிளினை ஒரு கிளாஸ் தண்ணீருடன் விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருங்கள். இல்லையேல் தொண்டைக் குழாய் புண்ணாகும். மெற்றோனிடசோல் எடுக்கும்போது மதுவைத் தொடவே வேண்டாம்.

குழந்தைக்குப் பாணி மருந்தைக் கலக்க, கொதித்தாறிய நீரைப் போத்தலில் உள்ள கோடு வரை விடுங்கள். ஒவ்வொரு முறையும் குலுக்கி, மருந்துடன் வரும் அளவுக் கோப்பையாலேயே கொடுங்கள். வீட்டுக் கரண்டி அளவு மாறும்.

ஒரு வேளை தவறினால் நினைவு வந்தவுடன் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள். இரட்டிப்பாக எடுக்கக்கூடாது.

ஒவ்வாமை

2023 யூலையில் பேராதனை போதனா வைத்தியசாலையில் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏற்றப்பட்டபின் 21 வயது யுவதி ஒருவர் உயிரிழந்த செய்தி கண்டி மக்களைக் கலங்கவைத்தது. அச்சம் நியாயமானதே. ஆனால் தேவையான மருந்தை மறுப்பது அதற்குத் தீர்வாகாது. பெனிசிலினோ வேறு மருந்தோ முன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வைத்தியரிடமும் தாதியிடமும் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்திலும் எழுதி வையுங்கள். கர்ப்பம், சிறுநீரக நோய், எடுக்கும் வேறு மருந்துகள் பற்றியும் சொல்ல வேண்டும். மருந்து எடுத்தபின் முகமோ நாக்கோ வீங்கினால், மூச்சு முட்டினால் தாமதிக்காதீர்கள். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மிச்சக் குளிசை

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, போதாத அளவில் மருந்து எடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். சுகம் வந்ததாகத் தோன்றினாலும் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மிச்சத்தை அயலவருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

அன்று வன்னியில் மருந்து இல்லாமல் காயங்கள் அழுகியதைக் கண்டவர்கள் நாம். இன்று கையில் கிடைக்கும் மருந்தைச் சரியாக எடுப்போம். என் அலுமாரியில் இப்போது மிச்சக் குளிசை எதுவும் இல்லை.