பித்தளைத் தோட்டாவும் உருட்டுப் பீப்பாயும்



பித்தளையைத் துலக்குவது நம் இல்லங்களில் மிகப் பழைய வேலை. பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த எங்கள் செலியமேட்டில் பொங்கலுக்கு முன்னும் கார்த்திகைத் தீபத்துக்கு முன்னும் குத்துவிளக்கும் குடமும் செம்பும் கிணற்றடிக்கு வந்துவிடும். புளியைக் கரைத்துப் பூசுவர். சாம்பலோ செங்கற்பொடியோ இட்டுத் தேங்காய் நாரினால் தேய்ப்பர். பின்னர் நல்ல நீரில் அலம்பி வெயிலில் வைப்பர். புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் பித்தளையின் மேல் படிந்த கறையைக் கரைக்கிறது. சாம்பல் உராய்ந்து எடுக்கிறது. நீர் இரண்டையும் கொண்டுபோகிறது. கரைத்தல், உராய்தல், அலம்புதல் என்னும் இம்மூன்று செயல்களே பித்தளை துலக்குவதன் முழு இலக்கணம் ஆகும்.

இம்மூன்றையும் ஒரு பீப்பாய்க்குள் அடைத்து உருட்டினால் என்ன ஆகும்? அதுவே, பித்தளைத் தோட்டாக்கூடுகளைத் துலக்குவதற்காக மேலைநாட்டார் தம் வீட்டுப் பட்டறைகளிலே செய்துகொள்ளும் ஈர உருட்டுப் பீப்பாய். ஆங்கிலத்தில் அதற்கும் டம்ளர் என்றே பெயர். நாம் நீர் அருந்தும் டம்ளர் வேறு, இது வேறு. இச்சிறு கருவியின் பின்னே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றில் நம் நாட்டு மழைக்காலத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

தோட்டா என்பது நான்கு உறுப்புகள் சேர்ந்த ஒரு பொருள். முன்னே குண்டு, நடுவே மருந்து, அடியில் தீ மூட்டும் கேப்பு, இம்மூன்றையும் தாங்கி நிற்பது கூடு. சுட்டபின் எஞ்சுவது கூடு ஒன்றே. ஆனால் தொடக்கத்தில் அக்கூடு பித்தளையால் ஆனதன்று, வெறும் காகிதமே.

நம் பாகூர் மண்ணிலேயே 1752-ஆம் ஆண்டில் ஒரு போர் நிகழ்ந்தது. ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் தலைமையில் வந்த ஆங்கிலப் படை, கெர்ஜான் தலைமையில் நின்ற பிரெஞ்சுப் படையை முறியடித்து, கெர்ஜானையும் சிறைப்பிடித்தது. அக்காலத்துச் சிப்பாய் காகிதச் சுருளைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைத் துப்பாக்கியின் வாய்வழியே கொட்டி, குண்டையும் காகிதத்தையும் உள்ளே இடித்துச் செலுத்துவான். சுட்டபின் துலக்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது. மழை பெய்தால் காகிதம் நனையும், மருந்து கெடும்.

அந்தக் காகிதத் தோட்டா 1857-ஆம் ஆண்டில் ஒரு பேரரசையே உலுக்கியது. புதிய என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாக்களுக்குப் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் பூசியிருக்கின்றன என்ற செய்தி, வங்காளத்தின் டம்டம் முகாமிலிருந்து பரவியது. கடித்துத் திறக்க வேண்டிய தோட்டா ஆதலால் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருசேர மனம் கொதித்தனர். மீரட் நகரில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்துச் சிறை புகுந்தனர்; மறுநாள், மே 10 அன்று, கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும் தோட்டா எதனால் செய்யப்படுகிறது என்பது அற்பச் செய்தி அன்று என்பதை இந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது.

அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காகிதம் விலகிப் பித்தளை வந்தது. இங்கிலாந்தின் உல்விச் ஆய்வுச்சாலையைச் சேர்ந்த எட்வர்டு பாக்சர் 1866-இல் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டித் தோட்டாக்கூடு செய்தார். அதே ஆண்டில் காகிதத் தோட்டாவை நம்பி ஷாஸ்போ துப்பாக்கியை ஏற்ற பிரெஞ்சு நாடும், 1874-இல் கிரா துப்பாக்கியின் வழியாக உலோகத் தோட்டாவுக்கு மாறியது. பின்னர், சுருட்டிய தகடு போய், ஒரே துண்டிலிருந்து இழுத்துச் செய்த கெட்டியான கூடு நிலைபெற்றது.

பித்தளையை ஏன் தேர்ந்தனர்? நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை, முறியாமல் நீளும் இயல்புடையது. மருந்து வெடிக்கும்போது கூடு விரிந்து துப்பாக்கியின் உட்சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஆதலால் தீயும் புகையும் பின்பக்கம் வருவதில்லை. அழுத்தம் தணிந்தவுடன் அது சிறிது சுருங்குகிறது. எளிதில் வெளியே எடுக்கலாம். இரும்பைப் போல் துருப்பிடிப்பதும் இல்லை. சுட்ட கூட்டில் புதிய கேப்பும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் வழங்கவும் கூடும். துலக்கும் வேலை இங்கேதான் பிறந்தது.

துலக்குவது தொழிற்சாலைக்குள்ளேயே தொடங்குகிறது என்பதையும் அறிதல் வேண்டும். முதலில் பித்தளைத் தகட்டிலிருந்து வட்டத் துண்டு வெட்டப்படுகிறது. அதைக் கிண்ணமாக அழுத்தி, அச்சுகளின் வழியே படிப்படியாக இழுத்து நீட்டுகின்றனர். ஒவ்வொரு இழுப்பிலும் பித்தளை இறுகுகிறது. ஆதலால் இடையிடையே சூடேற்றி இளக்க வேண்டும். சூட்டினால் படியும் கறையை நீர்த்த கந்தக அமிலத்தில் தோய்த்து நீக்கி, நீரில் அலம்புவர். நம் நாட்டில் புனேக்கு அருகிலுள்ள கிர்க்கியில் 1869-இல் தோட்டாத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. தமிழகத்தின் நீலகிரியிலுள்ள அருவங்காட்டில், புகை குறைந்த கார்டைட் மருந்து செய்யும் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது.

இனி, நம் மழைக்காலத்தின் கதைக்கு வருவோம்.

இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படையினர் மழைக்காலத்தில் போர்ப் பயிற்சிகளைக் குறைத்துக்கொண்டு, தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தனர். மழை ஓய்ந்தபின் பெட்டிகளைத் திறந்தால், பல தோட்டாக்களின் பித்தளை தானாகவே வெடித்துப் பிளந்து கிடந்தது. பிளவுகள் பெரும்பாலும் குண்டைக் கூடு இறுகப் பிடித்திருக்கும் கழுத்தருகே காணப்பட்டன. எவரும் சுடவில்லை, எவரும் கீழே போடவில்லை. பருவம் மாறினால் பிளக்கிறது என்று கண்டவர்கள் அதற்குப் பருவப் பிளவு என்றே பெயரிட்டனர். பெயர் இட்டார்களேயன்றிக் காரணம் அறிந்தாரில்லை. பிளந்த தோட்டா போர்முனையில் சிப்பாயின் கைக்குப் போனால் அவன் உயிருக்கே ஆபத்து அன்றோ?

விடை 1921-இல்தான் தெளிவாயிற்று. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் அதை விளக்கினர். குதிரையின் சிறுநீரிலிருந்து அமோனியா என்னும் காரவாயு எழுகிறது. மழைக்காலத்து ஈரத்தோடு கலந்து அது பித்தளையைத் தாக்குகிறது. ஆயினும் அமோனியா மட்டும் குற்றவாளி அன்று. அச்சில் இழுபட்டபோது பித்தளைக்குள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத அவ்வுள்ளிறுக்கமும் புறத்தே வந்த அமோனியாவும் சேர்ந்தபோதே பிளவு நேர்ந்தது. மருந்தும் அப்போதே தெரிந்தது: செய்து முடித்த கூட்டை மிதமாகச் சூடேற்றி உள்ளிறுக்கத்தைத் தளர்த்திவிடுதல். இன்றுவரை தோட்டாக்கூட்டின் கழுத்தைத் தொழிற்சாலைகள் இவ்வாறே இளக்குகின்றன.

இவ்வரலாற்றை அறிந்தால், உருட்டுப் பீப்பாயின் அமைப்பு எளிதில் விளங்கும். பொருள்களைப் பீப்பாயில் இட்டு உருட்டும் வழக்கம் வெடிமருந்து ஆலைகளில் பழையது. கருமருந்து மணிகளுக்கும் ஈயச் சில்லுகளுக்கும் கருங்காரீயத் தூள் பூசி மெருகேற்ற அது பயன்பட்டது. அமெரிக்கா முதலிய நாடுகளில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காரர்கள், சட்டம் இடம் தருவதால், தம் கூடுகளைத் தாமே துலக்கி மீண்டும் பயன்படுத்துகின்றனர். முன்பு அவர்கள் உடைத்த வால்நட் ஓட்டையோ மக்காச்சோளக் கட்டைப் பொடியையோ இட்டு உலர்ந்த முறையில் துலக்கினர். கேப்பிலுள்ள ஈயச் சேர்மங்களின் எச்சம் அந்தப் பொடியில் ஏறித் தூசியாகப் பறந்தது. ஈயத்தூசி நச்சு ஆதலால் நீர் நிரப்பிய பீப்பாய் மேலானது என்று பலர் கண்டனர். நீரில் தூசி பறப்பதில்லை. ஆனால் அந்தக் கழிவுநீர் நச்சுடையதே.

பட்டறையில் செய்யும் பீப்பாய் பெரும்பாலும் தடித்த பி.வி.சி. குழாய்த் துண்டு. இரு முனையிலும் நீர் கசியாத மூடிகள். உள்ளே ரப்பர்த் தகடு. பேரிங்கில் சுழலும் இரண்டு உருளைகள்மேல் அதைக் கிடத்துவர். ஓர் உருளையை மின்மோட்டார் வார்ப்பட்டையால் திருப்பும். உள்ளே கூடுகள், நீர், சிறிது சோப்பு, ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம், அவற்றோடு ஊசிபோல் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் துணுக்குகள். சிட்ரிக் அமிலம் நம் புளியின் வேலையையும், எஃகுத் துணுக்கு நம் சாம்பலின் வேலையையும் செய்கின்றன.

பீப்பாய் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும்? இது நல்ல பௌதிகக் கணக்கு. மிக விரைந்து சுழன்றால் உள்ளிருப்பவை மையவிலக்கு விசையால் சுவரோடு ஒட்டிச் சுற்றுமேயன்றி ஒன்றன்மேல் ஒன்று புரளா. அந்த எல்லை வேகத்தைக் காண, 42.3 என்னும் எண்ணை, மீட்டரில் அளந்த விட்டத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள பீப்பாய்க்கு அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 95 சுற்று. அதில் பாதியளவு, அதாவது 48 சுற்று, போதுமானது. மோட்டாரோ நிமிடத்துக்கு 1440 சுற்றுச் சுழல்கிறது. முப்பதில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். 2.5 சென்டிமீட்டர் உருளை 20 சென்டிமீட்டர் பீப்பாயைத் திருப்பும்போது வேகம் எட்டில் ஒரு பங்காகிறது. மோட்டாரில் 5 சென்டிமீட்டர் கப்பியும் உருளையில் ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் கப்பியும் பூட்டினால் எஞ்சிய குறைப்பும் நிறைவேறுகிறது.

கருவி எளியது, கவனம் அரியது. அமிலம் மிகுந்தாலோ நெடுநேரம் ஊறினாலோ பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து, மேற்பரப்பு செம்பின் இளஞ்சிவப்பு நிறத்தைக் காட்டும். இரவெல்லாம் புளியில் ஊறிய செம்பிலும் இதைக் காணலாம். அமோனியா கலந்த மெருகு நீர் விரைவில் பளபளப்புத் தரும். ஆனால் குதிரை லாயம் செய்ததையே அதுவும் செய்யக்கூடும். இன்னொன்று: கூட்டில் முன்னரே கீறல் இருந்தால் எவ்வளவு துலக்கினாலும் அக்கீறல் தீராது. துலக்கியபின் ஒவ்வொரு கூட்டையும் ஒளியில் திருப்பிப் பார்த்து, பிளந்ததை விலக்குகின்றனர். துலக்குவதன் பயன் அழகன்று. குற்றம் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதே.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டாவும் அதன் உறுப்புகளும் உரிமம் வேண்டுபவை. மாணவர்கள் எங்கேனும் தோட்டாவைக் கண்டால் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆயினும் உருட்டுப் பீப்பாயைப் பள்ளிப் பட்டறையில் ஆசிரியர் முன்னிலையில் செய்து, குழாய்த் திருகுகளையும் சிறு பித்தளைப் பொருத்துகளையும் துலக்கிப் பார்க்கலாம். பழம்பொருளை மட்டும் அதில் இடலாகாது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை அளித்த செய்தி நமக்குச் செப்பேட்டிலிருந்தே தெரிந்தது. அத்தகைய ஏட்டைப் பளபளப்பாக்க உருட்டியிருந்தால் எழுத்தும் வரலாறும் ஒருங்கே தேய்ந்திருக்கும்.

நெல் விளையும் நம் பகுதியில் மாட்டுத் தொழுவமும் யூரியா மூட்டையும் இல்லாத வீடுகள் குறைவு. இரண்டும் ஈரத்தில் அமோனியாவை வெளியிடுவன. பித்தளைப் பொருத்துகளுள்ள தெளிப்பான்களையும் குழாய்களையும் அவற்றின் அருகே மழைக்காலம் முழுவதும் போட்டு வைப்பது, நூறாண்டுகளுக்கு முன் லாயத்தில் தோட்டா அடுக்கியவர்கள் செய்த செயலையே மீண்டும் செய்வதாகும். அவர்களுக்குக் காரணம் தெரியாது, நமக்குத் தெரியும். ஒரு பொருளின் பளபளப்பைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், அது எவ்வாறு செய்யப்பட்டது, உள்ளே என்ன இறுக்கம் தங்கியிருக்கிறது, எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பவனே அதை நெடுங்காலம் காப்பவன். கிணற்றடியில் செம்பு துலக்கும் அன்னையிடமிருந்தும் உலோகத்தை ஆராய்ந்த அறிஞர்களிடமிருந்தும் நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.