உப்புக்கண்டம்: துண்டா, தசையா?

உப்பிட்டு உலர்த்திய இறைச்சியைக் குறிக்கும் உப்புக்கண்டம் என்னும் சொல்லுக்கு ‘உப்பிட்ட துண்டு’ என்று பொருள் கூறி, அதன் பின்னுறுப்பை வடமொழிக் கண்டத்தின் வழிவந்ததாகக் காட்டி முடித்துவிடுவது சொற்பிறப்புக் கூறுவோரிடையே வழக்கமாகிவிட்டது. துண்டைக் குறிக்கும் கண்டத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வடசொல்லாகப் பதிந்திருப்பது இவர்களுக்குத் துணையாயிற்று. எனினும் இது ஒலியை மட்டும் நோக்கிப் பொருளை நோக்காத முடிவாகும்.

வேலூர்ப் பாகாயம் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் தொழில் ஊர்களின் தலித் குடியிருப்புகளில், மாட்டிறைச்சியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்தி, மழைக்காலத்தில் சுட்டோ பொரித்தோ உண்ணும் முறையை ஆயாமார், அதாவது பாட்டிமார், பேணி வந்துள்ளனர். பச்சைத்தோலும் கெடாதிருக்க முதலில் உப்பையே பெறுகிறது. தோலைப் பதனிடுதல் என்பதிலுள்ள பதன், அறம் அறன் என நிற்பதுபோல் பதம் என்பதன் கடைப்போலி. அப்பதமோ சங்க நூல்களில் உணவையும் குறிக்கும். தொழிலும் அடுப்பும் ஒரு சொல்லைப் பகிர்ந்துகொண்ட நிலம் இது.

உலர்ந்த இறைச்சிக்குச் சங்க வழக்கு வாடூன் என்பது. பெரும்பாணாற்றுப்படையின் எயினர் குடியிருப்பில் பாணர்க்குக் கிடைக்கும் உணவில் அது உண்டு. அகநானூற்று 309ஆம் பாட்டு கொழுத்த ஆவை வீழ்த்தி உண்டோரைக் கூறுவதால், அவ்வூன் மானும் பன்றியுமே என வரையறுப்பார் கூற்று நில்லாது. வாடூனிலுள்ள வாடு என்பதே கருவாட்டிலும் நின்று, மீனுக்கு உரியதாகிவிட்டது. காய்களை அரிந்து உப்பிட்டு உலர்த்தினால் வற்றல், மீனை உலர்த்தினால் கருவாடு, இறைச்சியை உலர்த்தினால் மட்டுமே கண்டம் என்று வழங்குவதை நோக்குக. கண்டம் வெறுந்துண்டாயின், அரிந்து உப்பிட்ட மாங்காயும் உப்புக்கண்டம் எனப்பட வேண்டும். அவ்வாறு எவரும் கூறார்.

இவ்விடத்தில் அண்டை மொழிகள் வழிகாட்டுகின்றன. தெலுங்கில் ‘கண்ட’ என்பது தசை. கன்னடத்திலும் அதற்கு இறைச்சி என்னும் பொருள் உண்டு. ஆந்திர எல்லையை ஒட்டியதும், தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் வழங்குவதுமாகிய இந்நிலத்தில் உப்புக்கண்டம் ‘உப்பிட்ட தசை’ எனப் பொருள்படுவதே இயல்பு. தெலுங்குத் தலித் மக்கள் உலர்த்திய மாட்டிறைச்சியைத் துனகலு, அதாவது துண்டுகள், என்பதை எதிர்க்கட்சியார் காட்டக்கூடும். துண்டைச் சொல்ல அவர்கள் வேறு சொல்லை நாடியது, கண்ட என்பது அங்குத் தசைக்கே உரியதாக நின்றமையையே காட்டும். கண்டதுண்டம் என்னும் தொடரிலுள்ள கண்டம் வேறு. ஒலி ஒன்றாதலால் சொல் ஒன்றாகாது.

உணவின் பெயரை ஏட்டைவிட முதியோர் நாவே காத்துவைப்பது வேற்று நாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் லூசியானாவில் சமைக்கப்படும் கம்போ என்னும் குழம்பின் பெயர், வெண்டைக்காயைக் குறிக்கும் நடு ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததென்பர். அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் அடுப்படியே அதைக் கடல்கடந்து காத்தது. மராட்டியத் தலித் மக்களிடம் இவ்வுலர் இறைச்சிக்குச் சான்யா என்று பெயர். அவ்வுணவு மரபை எழுத்தாளர் ஷாஹு பாட்டோளே தனிநூலாக்கியுள்ளார். தமிழில் அத்தகைய கவனம் அரிது. 2022இல் ஆம்பூரில் திட்டமிடப்பட்ட அரசுப் பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிக்கு இடம் மறுக்கப்பட்டு எதிர்ப்பு எழுந்ததும், பின்னர் விழாவே தள்ளிவைக்கப்பட்டதும், எந்த உணவு மரபெனப் பெயர் பெறுகிறது என்பதைத் தெளிவாக்கின. விழாவில் இடம்பெறாத உணவைப் பற்றி அதைச் சமைப்போரிடம் அகராதியார் கேட்டிருப்பர் என எதிர்பார்ப்பதற்கில்லை.

உப்புக்கண்டத்திலுள்ள கண்டம் தசையே. அகராதிகள் இனி அதனை ‘உப்பிட்டு உலர்த்திய தசை’ என்று பதிவதே முறையாகும்.