பரிமாற்றச் சார்பு

ஃபெர்ரோ காந்தப் பொருளும் எதிர் ஃபெர்ரோ காந்தப் பொருளும் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பில் தோன்றும் காந்த விளைவு பரிமாற்றச் சார்பு எனப்படும். இரும்பு, கோபால்ட் போன்ற ஃபெர்ரோ காந்தங்களில் அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் ஒரே திசையை நோக்கி நிற்கும். எதிர் ஃபெர்ரோ காந்தங்களில் அவை ஒன்றுவிட்டு ஒன்று எதிர்த்திசையில் நிற்பதால் மொத்தம் சுழியாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது காந்தமாகவே தெரியாது. ஆனாலும் தன்னை ஒட்டியிருக்கும் ஃபெர்ரோ காந்தத்தை ஒரு திசையில் பிடித்து நிறுத்தும் வலு அதற்கு உண்டு. வழக்கமாகச் சுழிப் புலத்தின் இருபுறமும் சமச்சீராக இருக்கும் தயக்கக் கண்ணி (புலத்தை மாற்றும்போது காந்தமாக்கம் வரையும் மூடிய வளைகோடு), இத்தகைய இணைப்பில் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கும். இந்த நகர்வுதான் விளைவின் அடையாளம்.

எதிர் ஃபெர்ரோ காந்தத்துக்கான கோட்பாட்டை 1930களில் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நேல் வகுத்தார். அணுக்கள் உண்மையிலேயே எதிரெதிராக நிற்கின்றன என்பதை 1949இல் ஷல், ஸ்மார்ட் இருவரும் மாங்கனீசு ஆக்சைடில் நியூட்ரான்களைச் செலுத்திக் காட்டினார்கள். எந்த வெப்பநிலைக்கு மேல் இந்த ஒழுங்கு குலைகிறதோ அது நேல் வெப்பநிலை எனப்படுகிறது. 1970இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில், இப்பொருள்கள் கோட்பாட்டளவில் மிகவும் சுவையானவை, பயன்பாடு எதுவும் தென்படவில்லை என்ற கருத்தை நேல் சொன்னார். இத்தனைக்கும் பரிமாற்றச் சார்பு கண்டறியப்பட்டு அப்போது 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. மென்படலங்களில் அது எப்படி நிகழ்கிறது என்று 1967இல் விரிவாக எழுதியவரும் அவரே.

பரிமாற்றச் சார்பைக் கண்டறிந்தவர்கள் வில்லியம் மைக்கிள்ஜான், சார்லஸ் பீன். இடம், நியூயார்க் மாநிலம் ஸ்கெனெக்டடியில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகம், ஆண்டு 1956. நுண்துகள்களை அழுத்தி நிலைக்காந்தம் செய்யும் முயற்சிகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர்கள் கையாண்ட கோபால்ட் துகள்களின் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஒவ்வொரு துகளைச் சுற்றியும் கோபால்ட் ஆக்சைடு ஓடு படிந்திருந்தது. கோபால்ட் ஃபெர்ரோ காந்தம். அதன் ஆக்சைடோ எதிர் ஃபெர்ரோ காந்தம். ஆக்சைடின் நேல் வெப்பநிலை ஏறத்தாழ அறை வெப்பநிலையே. வலுவான காந்தப்புலத்தில் வைத்து 77 கெல்வின் வரை குளிரவைத்தபோது கண்ணி இடப்பக்கம் நகர்ந்தது. புலமின்றிக் குளிரவைத்தால் நகரவில்லை.

இத்தோடு அவர்கள் நிற்கவில்லை. மாதிரியைக் காந்தப்புலத்தில் சுழற்றி அதன்மீது செயல்படும் திருப்புவிசையையும் அளந்தார்கள். சாதாரணக் காந்தப் படிகத்துக்குக் காந்தமாக்கம் எளிதில் நிலைகொள்ளும் ‘எளிய அச்சு’ ஒன்று இருக்கும். அந்த அச்சின் இரு முனைகளும் அதற்கு ஒன்றே, வடக்கு நோக்கினாலும் தெற்கு நோக்கினாலும் ஆற்றல் மாறாது. இந்தத் துகள்களுக்கோ எளிய திசை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கண்ணி நகர்ந்ததைவிட இந்த அளவீடே அழுத்தமான சான்று என்று சொல்லலாம். கோபால்டையும் ஆக்சைடையும் இணைப்பது, அண்டை அணுக்களுக்கிடையே செயல்படும் குவாண்டம் பரிமாற்ற இடைவினை என்று அவர்கள் விளக்கினார்கள். குளிரும்போது கோபால்ட் ஏற்கெனவே புலத்தின் திசையில் நிற்கிறது. ஆக்சைடு நேல் வெப்பநிலையைக் கடந்து ஒழுங்குபெறும்போது, எல்லையிலுள்ள அதன் அணுக்கள் கோபால்டை அனுசரித்து அமைந்து அப்படியே உறைந்துவிடுகின்றன. பிறகு கோபால்டைத் திருப்ப முயன்றால் அவை பழைய திசைக்கே இழுக்கும்.

விளக்கம் அழகானது, கணக்கு மட்டும் ஒத்துவரவில்லை. எல்லை அணுக்கள் அனைத்தும் பங்கெடுப்பதாகக் கணக்கிட்டால் கிடைக்கும் நகர்வு, அளந்ததைவிடச் சுமார் 100 மடங்கு பெரிது. இந்த இடைவெளியை நிரப்ப 1987இல் இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. எதிர் ஃபெர்ரோ காந்தத்துக்குள் எல்லைக்கு இணையாக ஒரு டொமைன் சுவர் (காந்தத் திசை படிப்படியாகத் திரும்பும் மெல்லிய பகுதி) உருவாகி ஆற்றலைப் பகிர்ந்துகொள்கிறது என்றார் மௌரி. எல்லை கரடுமுரடானது, எதிரெதிர் இழுப்புகளில் பெரும்பகுதி ஒன்றையொன்று அழித்துவிடுகிறது என்றார் மலோசெமோஃப். 1996இல் இரும்பு ஃபுளோரைடு மீது இரும்பைப் படியவைத்து மிக வலிய புலத்தில் குளிரவைத்தபோது கண்ணி வழக்கத்துக்கு மாறான பக்கம் நகர்ந்ததும் கோட்பாட்டாளர்களின் வேலை இன்னும் கூடியது. 2003இல் வெளியான எக்ஸ் கதிர் அளவீடுகள் நிலைமையைத் தெளிவுபடுத்தின: எல்லையிலுள்ள அணுக்களில் ஏறத்தாழ 4 விழுக்காடுதான் அசையாமல் உறைந்திருக்கின்றன. மற்றவை ஃபெர்ரோ காந்தத்தோடு சேர்ந்து திரும்பிவிடுகின்றன.

கோட்பாடு முடியும்வரை தொழிற்சாலை காத்திருக்கவில்லை. விளைவு எல்லையில் பிறப்பதால், ஃபெர்ரோ காந்தப் படலம் மெலியமெலிய நகர்வு பெருகும். தடிமனைப் பாதியாக்கினால் நகர்வு இரட்டிக்கும். எனவே இது மென்படலங்களுக்கே வாய்த்த விளைவு. 1991இல் ஐபிஎம் நிறுவனத்தின் அல்மடென் ஆய்வகத்தில் தியெனி, ஸ்பெரியோசு, பார்க்கின் முதலியோர் ‘ஸ்பின் வால்வ்’ என்ற அடுக்கை உருவாக்கினார்கள். நடுவில் செம்பு, இருபுறமும் நிக்கல்-இரும்புப் படலங்கள். ஒன்றை இரும்பு-மாங்கனீசுப் படலம் பிடித்து நிறுத்த, மற்றது ஹார்டு டிஸ்க்கின் வட்டில் பதிந்த காந்தப்புலத்துக்கேற்பத் தாராளமாகத் திரும்பும். இரண்டும் ஒரே திசையில் நின்றால் மின்தடை குறைவு, எதிரெதிராக நின்றால் அதிகம். 1988இல் ஃபெர்ட்டும் கிரூன்பெர்க்கும் தனித்தனியே கண்ட மாபெரும் காந்தத்தடை விளைவு இது. 1997இல் 16.8 ஜிகாபைட் ஹார்டு டிஸ்க்கின் படிப்புமுனையாக ஐபிஎம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2007 நோபல் பரிசு காந்தத்தடைக்குக் கிடைத்தது; பிடித்து நிறுத்திய படலத்தைப் பற்றிப் பொதுவெளியில் யாரும் அதிகம் பேசவில்லை.

இரும்பு-மாங்கனீசுக்கு இரண்டு குறைகள்: எளிதில் அரிபடும், சுமார் 150 பாகை செல்சியசில் பிடியை விட்டுவிடும். அதன் இடத்துக்குப் பிளாட்டினம்-மாங்கனீசும் பிறகு இரிடியம்-மாங்கனீசும் வந்தன. முன்னதைப் பதப்படுத்தச் சூடாக்கி வைக்க வேண்டும். பின்னது சில நானோமீட்டர் தடிமனிலேயே வேலை செய்யும். இரிடியம் புவியோட்டில் மிக அரிதான தனிமங்களுள் ஒன்று என்பதால் மாற்றுப்பொருள் தேடும் ஆய்வு ஓயவில்லை.

எதிர் ஃபெர்ரோ காந்தத்தையே நினைவகமாக்கும் முயற்சியும் தொடங்கிவிட்டது. 2016இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட குழு, செம்பு-மாங்கனீசு-ஆர்சனைடு படலத்தில் மின்னோட்டத்தைச் செலுத்தியே அணுக்களின் திசையை அறை வெப்பநிலையில் மாற்றியதாக அறிவித்தது. இதையொத்த வேறு சில சோதனைகளில், திசைமாற்றத்தின் அடையாளமாகக் கொண்ட மின்தடை மாற்றத்தில் ஒரு பகுதி வெறும் சூடேற்றத்தால் வந்தது என்று பின்னர் தெரியவந்திருக்கிறது.