கர்ணம் அறிந்த பின்னம்

320இல் ஒன்று முந்திரி. 80இல் ஒன்று காணி. 20இல் ஒன்று மா. எண்சுவடி ஏந்திய திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் உரக்க ஒப்புவித்த பின்னங்கள் இவை. பெயர்களை உற்று நோக்குங்கள்! மாவும் காணியும் கூடினால் மாகாணி, அதாவது 16இல் ஒன்று. காலில் பாதி அரைக்கால். கூட்டலும் வகுத்தலும் பெயருக்குள்ளேயே குடியிருக்கின்றன. இப்பெயர்களைப் படைத்த மக்களின் கணக்கறிவைக் குறைகூற நமக்கு மனமில்லை.

ஆனால், அந்த அறிவு யார் கையில் இருந்தது?

தருமபுரி அடங்கிய பாரமகால் 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியார் வசமாயிற்று. ரீடின் உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இங்கே வரி வகுக்கும் பணியில் இருந்தார். நிலம் அளக்கப்பட்டது, தீர்வை உழவன் பேரில் எழுதப்பட்டது. ஊர்க் கணக்கு யாரிடம்? தந்தைக்குப் பின் மகன் எனப் பட்டம் ஏறும் கர்ணத்திடம்! ஏட்டில் மாகாணி கூடியதா, குறைந்ததா என்று சரிபார்க்க ஏர் பிடித்தவனுக்கு எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. கேழ்வரகை வள்ளத்தில் அளக்கத் தெரிந்தவன், தன் வரியை அளக்கத் தெரியாமல் கைகட்டி நின்றான். அந்தப் பரம்பரைப் பதவி ஒழிய 1980 வரை காத்திருந்தோம்.

அதே மன்றோ, சென்னை ஆளுநரான பின் 1822இல் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் எனத் தொகை வந்தது. இதைக் காட்டிப் பழம்பெருமை முழங்குவோர் இன்றும் உளர். அத்தொகையில் பெண்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் அவர்கள் உரைப்பதில்லை. 4,540 பேர்! நூற்றுக்கு மூவர்கூட இல்லை. சேரிப் பிள்ளையைத் திண்ணையில் ஏற்றிய ஊரோ அரிதினும் அரிது. மாகாண மக்கள்தொகையோ ஒன்றேகால் கோடிக்கும் மேல்.

1957 ஏப்ரல் 1இல் 16 அணா ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. கால் ரூபாய் 25, அரை ரூபாய் 50. (ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா என்ற தொல்லை சிறிது காலம் நீடித்தது, உண்மைதான்.) முழு எண் கற்ற சிறுவனே வட்டிக் கணக்கைச் சரிபார்க்கலாம் என்ற நிலை பிறந்தது.

எனினும் பின்னம் இன்றும் பிள்ளைகளை மிரட்டுகிறது. மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா எனக் கேட்டால், நான்கே பெரிது என்கின்றனர் பலர். முழு எண்ணுக்குப் பழகிய விதியைத் துண்டுக்கும் பொருத்துகின்றனர், அதில் வியப்பென்ன? பலகையில் கோட்டின் மேலும் கீழும் எண்ணெழுதி, மனப்பாடம் செய்யென்றால் பழைய ஒப்புவித்தல்தான் மீளும். நம் ஊர்க் களியுருண்டை ஒன்றை மூவருக்கும், அதே அளவினது இன்னொன்றை நால்வருக்கும் பங்கிடச் சொன்னால், எந்தப் பங்கு வேண்டும் என்பதில் எந்தப் பிள்ளையும் ஏமாறுவதில்லை.