வயித்துல துளை போட்டுத்தான் பாக்கணுமா? #குழந்தையின்மை

1/ கோட்டாறு பக்கமிருந்து ஓபிக்கு வந்த அக்கா கேட்ட கேள்வி இது. ஒரு காலத்துல ஆமா. கதையைச் சொல்றேன்.

2/ 1940கள், பாரிஸ். ரவுல் பால்மர் வயிற்றில் சிறு துளை போட்டு, கருப்பையையும் சினைக்குழாயையும் கண்ணால் பார்த்தார். அதான் லேப்ராஸ்கோபி.

3/ 1958, கிளாஸ்கோ. உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை வயிற்றின் மேல் வைத்துப் பார்த்த இயான் டொனால்ட் குழு, லான்செட்டில் கட்டுரை எழுதியது. ஸ்கேன் வந்தாச்சு.

4/ 1978-ல் பிறந்த லூயிஸ் பிரவுனுக்கான கருமுட்டையை ஸ்டெப்டோ லேப்ராஸ்கோபியில்தான் எடுத்தார். அதே வருஷம் கொல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜி, லேப்ராஸ்கோபி இல்லாம, பிறப்புறுப்பு வழியா எடுத்தார். அரசு நம்பலை. 1981-ல் மனமுடைஞ்சு இறந்துட்டார். 1980கள் முடியுறதுக்குள்ள, ஸ்கேன் பார்த்துக்கிட்டே அதே வழியில் ஊசியால் எடுக்கறது வழக்கமாச்சு.

5/ இன்னைக்கு? நார்க்கட்டி, நீர்க்கட்டி, முட்டை வளர்ச்சிக்கு முதல்ல ஸ்கேன். உள் ஒட்டுதலும் லேசான எண்டோமெட்ரியோசிஸும் ஸ்கேன்ல தப்பிடலாம். அந்தச் சந்தேகம் இருந்தா லேப்ராஸ்கோபி.

6/ எல்லாத்துக்கும் முன்னாடி கணவருக்கு விந்துப் பரிசோதனை. கத்தி இல்ல, மயக்க மருந்து இல்ல. அக்கா கையில மூணு ஸ்கேன் ரிப்போர்ட். வீட்டுக்காரர் பேர்ல ஒண்ணுகூட இல்ல.

அடுத்த வாரம் அவரையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் ஜோடியா வாங்க.