ஊவா வானில் ஒரு மின்னாறு

பதுளை மலைச்சரிவில் கொழுந்து கொய்யும் பெண்ணின் தலைக்கு மேல், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் ஒரு மின்னாறு கிழக்கு நோக்கி ஓடுகின்றது. சூரிய ஒளி காற்றணுக்களைப் பிளந்து மின்னேற்றிய அயன மண்டலத்தில், பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி அது பாய்கின்றது. அக்கோடு இந்தியாவின் தென்கோடிக்கும் இலங்கைக்கும் அண்மையிற் செல்வதால், ஊவாவும் அவ்வாற்றின் இரு கரைகளுக்குள் அடங்கிவிடுகின்றது. 1951-இல் சிட்னி சாப்மன் என்ற அறிஞர் அதற்குப் பெயரிட்டார். ஆனால், அதனை அறிந்த வரலாறு அதற்கும் முந்தியது.

1855-இல், திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் புரூன், அகத்திய மலையுச்சியில் ஒரு காந்த ஆய்வுக்கூடம் அமைத்தார். காட்டை வெட்டி வழி செய்தோரும், கருவிகளைத் தோளிற் சுமந்தோரும் கூலிமக்களே. அதே ஆண்டுகளில், தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து வேறொரு கூட்டம் மன்னார் வழியே இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துகொண்டிருந்தது. காலராவும் பசியும் அவர்களிற் பலரை வழியிலேயே வீழ்த்தின. பூமியின் காந்தவலிமை நாளுக்கு நாள் உலகெங்கும் ஒருசேர ஏறி இறங்குகின்றதெனப் புரூன் கண்டறிந்தார். அவர் பெயர் விஞ்ஞான வரலாற்றில் நிற்கின்றது. சுமந்தோர் பெயர்கள் நிற்கவில்லை.

1859 செப்டம்பரில் பம்பாய்க் கொலாபாவிலிருந்த காந்தமானி திடீரெனப் பெருவீழ்ச்சியைப் பதிவு செய்தது. சூரியனிலிருந்து வீசப்பட்ட மின்துகள் மேகம் பூமியைத் தாக்கிய காந்தப் புயல் அது.

இத்தகைய புயலின்போது, துருவப் பகுதிகளில் எழும் மின்புலம் சில நிமிடங்களில் நடுக்கோட்டையும் எட்டுகின்றது. மின்னாறு சிலவேளை பெருகும். சிலவேளை மேற்கு நோக்கித் திரும்பியும் ஓடும். நடுக்கோட்டில் மேலெழுந்து இருபுறமும் சரியும் மின்துகள் ஊற்றும் நிலைகுலையும். சூரியன் மறைந்தபின் அயன மண்டலத்தில் வெற்றுக் குமிழிகள் தோன்றும். புயல் அவற்றைத் தூண்டவும் கூடும், அடக்கவும் கூடும். அவற்றினூடே வரும் விண்கலக் குறிகள் துடித்து மங்கும். சிற்றலை வானொலியும் அயன மண்டலத்திற் பட்டே திரும்புவதால், லயத்துக் காம்பராவில் கேட்ட பாட்டு இடையில் அமுங்கியதற்குச் சூரியனும் ஒருவேளை பொறுப்பாயிருந்திருக்கலாம்.

2024 மே மாதத்தில் வீசிய புயல், 2003-க்குப் பின் வந்தவற்றுள் மிகக் கடுமையானது. அதனை உலகம் முன்னறிந்தது. முன்னறிதல் இன்று அரிய செயலன்று.

எனினும், இதே பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகில், மீரியபெத்தை தோட்டத்தை நாம் மறக்கலாமா? 2014 ஒக்டோபர் 29 காலையில் அங்கு மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 2005-இலும் 2011-இலும் அவ்விடம் ஆபத்தானதென எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. அந்த எச்சரிக்கையை எந்தக் காந்தப் புயலும் தடுக்கவில்லை. சொந்த நிலமும் பாதுகாப்பான வீடும் இல்லாத மக்களிடம் “வெளியேறுங்கள்” என்று சொன்னால், அவர்கள் எங்கே போவார்கள்?

பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சூரியனின் சீற்றத்தை அளக்கும் அறிவு நம்மிடம் இருக்கின்றது. மலையடியில் உறங்கும் உழைப்பாளிக்கு ஒரு துண்டு நிலம் அளந்து கொடுக்க அத்தனை அறிவு வேண்டியதில்லை.