ஞாபகமில்லாத டப்பா

சொந்த ஊர் கோபிநத்தம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். மீசைக்காரரைப் பற்றி இங்கே ஒன்றும் எழுதப் போவதில்லை :-) இது வீடியோ கேம் சரித்திரம். ஒசாகாவில் வாரம் முழுக்க ஆணி பிடுங்கிவிட்டு, ஒரு சனிக்கிழமை நிப்பொம்பாஷி பக்கம் பழைய கேம் கடை ஒன்றில் நுழைந்தேன். அங்கே ஒரு கேசட்டைக் கையில் எடுத்ததும் கொசுவர்த்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது.

90களின் நடுவில் மாமா சேலத்தில் இருந்து ஒரு டிவி கேம் டப்பா வாங்கி வந்தார். பொழுது சாய்ந்தால் பிள்ளைகளை வெளியே விடாத காலம் அது. ஒரு கறுப்பு வெள்ளை டிவி, அதன் முன்னால் பத்துப் பையன்கள். கேசட் மேலே '999999 இன் 1' என்று போட்டிருக்கும், எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு தேறும். மரியோ, டேங்க், சர்க்கஸ். மரியோவில் ஏழாவது உலகம் வரை போயிருப்போம், கரண்ட் போய்விடும். வந்ததும் மறுபடி முதல் காளானில் இருந்து. "விட்ட இடத்துல இருந்து ஆட முடியாதா மாமா?" என்று கேட்டதற்கு, "அதுக்கு ஏதுடா ஞாபகம்" என்றார். வீடியோ கேம் என்றாலே அப்படித்தான் என்று ரொம்ப வருஷம் நம்பிக் கொண்டிருந்தேன்.

ஞாபகம் வைத்துக்கொள்ளும் கேம்கள் அதற்கு வெகு முன்பே இருந்தன. 1981இல் கார்னெல் மாணவர்கள் ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் இருவரும் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு 'விஸார்ட்ரி' எழுதினார்கள். ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து நிலவறைக்குள் அனுப்ப வேண்டும். அவர்கள் செத்தால் ஃப்ளாப்பியில் உடனே எழுதப்பட்டுவிடும், ஏமாற்ற வழியில்லை. உடல்கள் அங்கேயே கிடக்கும். இன்னொரு குழு போய்த் தூக்கி வர வேண்டும்.

அதே வருடம் ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா' வந்தது. 1983இல் வந்த மூன்றாம் பாகத்தில் கீபோர்டின் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. 'சி'யை மந்திரத்துக்குக் கொடுத்துவிட்டதால், ஏணி ஏறும் 'கிளைம்ப்'பை எழுத்துப்பிழையோடு 'கே'யில் கொண்டுபோய் வைத்தார் மனிதர்! 1985இல் வந்த நான்காம் பாகத்தின் நாயகன் பெயர் 'அவதார்'. டிவியில் இந்து மதம் பற்றிய ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் வந்தது என்று கேரியட்டே சொல்லியிருக்கிறார். அதில் கொல்ல வேண்டிய பெரிய வில்லன் இல்லை, எட்டு நற்குணங்களில் தேற வேண்டும். கண் தெரியாத மூலிகைக்காரிக்குக் காசை நீங்களே எண்ணிக் கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் நேர்மையில் அடி விழும்.

இதெல்லாம் ஃப்ளாப்பியும் கீபோர்டும் இருப்பதால் நடந்தது. 1983இல் வந்த நின்டென்டோவின் ஃபேமிகாமில் இரண்டும் இல்லை, நினைவகம் வெறும் 2 கேபி. இந்த இரண்டு கேம்களிலும் பைத்தியமாக இருந்த யூஜி ஹோரி, 1986இல் 64 கேபி கேசட்டுக்குள் 'டிராகன் குவெஸ்ட்' செய்தார். கட்டளைகள் திரையில் ஒரு பெட்டிக்குள் பட்டியலாக வந்தன. சேமிக்க வழியில்லாததால் 20 எழுத்து 'மந்திரம்' ஒன்றைத் திரையில் காட்டும், நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்து வரை போனது. ஒரு எழுத்து மாறினாலும் போச்சு.

1987இல் அல்டிமாவின் மூன்றாம் பாகமும் விஸார்ட்ரியும் தாங்களே ஃபேமிகாமுக்கு வந்து சேர்ந்தன. கேசட்டுக்குள் கூடுதலாக ஒரு ரேம் சிப், அது மறக்காமல் இருக்க ஒரு பொத்தான் பாட்டரி. ஃப்ளாப்பியின் வேலையை அதுதான் செய்தது. படம் மாறியது, இசை சேர்ந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள்; என்னைக் கேட்டால் இந்தக் கதையின் ஹீரோ அந்தப் பாட்டரிதான். அவதார் 1989இல் வந்தார். கம்ப்யூட்டரில் ஊர்க்காரர்களிடம் வார்த்தைகளை டைப் செய்து பேச்சுக் கொடுக்கலாம், இங்கே அது இல்லை. எனக்கு அது பெரிய நஷ்டம்.

இப்போது மாமாவின் டப்பாவுக்கு வருவோம். சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்று நம்மூரில் விற்ற டப்பாக்கள் எல்லாம் உள்ளுக்குள் ஃபேமிகாமின் நகல்கள்தான். ஆக, டப்பா மேல் பழி இல்லை. மரியோ 40 கேபி, டேங்க் 24 கேபி. அந்த மாதிரிச் சின்னச் சின்ன ஆட்டங்களை ஒரே கேசட்டில் அடுக்கிவிடலாம். விஸார்ட்ரி மாதிரி ஒன்றுக்குக் கூடுதல் சிப், பாட்டரி, படித்துப் புரிய ஒரு மொழி எல்லாம் வேண்டும். பைசா கணக்குப் பார்த்து நகல் கேசட் போடுபவன் பாட்டரியா வைப்பான்? நம் ஹீரோ பெயரே அவதார், நம் வீட்டு டிவிக்குத்தான் வரவில்லை.

நிப்பொம்பாஷியில் நான் எடுத்தது விஸார்ட்ரி. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன், பாட்டரி உயிரோடு இருக்கிறது! யாரோ ஒரு ஜப்பானியப் பையன் உருவாக்கிய ஆட்கள் அப்படியே இருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் நிலவறைக்குள் செத்துக் கிடக்கிறார்கள். இந்நேரம் அவனுக்கும் என் வயதுக்கு மேல் இருக்கும்.

குழுவுக்கு ஆறு பேர்தான் கணக்கு என்பதால், மூன்று பேரைத் தூக்கி வர மூன்று பேராகத்தான் உள்ளே போக முடியும். நான்கு தடவை போய் இதுவரை ஒருத்தரைக் கண்டுபிடித்துக் கோயிலில் கொடுத்து எழுப்பிவிட்டேன். பாட்டரியை மாற்றினால் எல்லாம் அழிந்துவிடும், மாற்றாவிட்டாலும் எந்த நாளும் தானாகவே போகலாம். அதற்குள் மற்ற இரண்டு பேரையும் மேலே கொண்டு வந்துவிட வேண்டும்.